கணையப் புற்றும் காலில் உறையும் ரத்தமும்

புற்றுநோயாளிகளின் கால் சிரைகளில் ரத்தம் அடிக்கடி உறைந்துவிடுகிறது என்று பாரிஸ் மருத்துவர் அர்மான் த்ரூசோ 1865-இல் எழுதினார். இரண்டே ஆண்டுகளில் அவருக்கே சிரை அடைத்தது. தனக்கும் புற்றுதான் என்று முடிவுகட்டிய அவர், 1867-இல் வயிற்றுப் புற்றால் இறந்தார்.

ரத்தத்தை அதிகம் உறையவைக்கும் புற்றுகளில் கணையப் புற்று முன்வரிசையில் நிற்கிறது. ரத்தம் உறைவதைத் தொடங்கிவைப்பது ‘திசுக் காரணி’ என்ற புரதம். வழக்கமாக அது ரத்தக்குழாய்க்கு வெளியே இருக்கும். காயம் பட்டால்தான் ரத்தத்தோடு சேரும். கணையப் புற்றுச் செல்களோ காயமே இல்லாதபோதும் அதை நுண்துகள்களாக ரத்தத்தில் கலந்துவிடுகின்றன.

இதன்மேல் அறுவை சிகிச்சையும் சேர்கிறது. ‘விப்பிள்’ அறுவையில் கணையத்தின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் ஒரு பகுதி ஆகியவை அகற்றப்படுகின்றன. காயத்தை ஆற்ற உடல் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. படுத்தே இருப்பதால் கால் தசைகள் ரத்தத்தை மேலே தள்ளுவதில்லை. கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் சிரையை வெட்டி இணைத்திருந்தால் அங்கும் அடைப்பு வரலாம். காலில் உறைந்த கட்டி பிய்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென மூச்சுத்திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தடுக்க வழி உண்டு: சீக்கிரமே எழுந்து நடப்பது, ஹெப்பாரின் வகை ஊசி. வயிறு, இடுப்புப் பகுதிப் புற்று அறுவை செய்துகொண்டவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. ஒரு வாரம் மட்டும் எனாக்ஸாபாரின் என்ற ஹெப்பாரின் வகை ஊசி போட்டுக்கொண்டவர்களில் 12 சதவீதத்தினருக்கு உறைவு ஏற்பட்டது. நான்கு வாரம் போட்டுக்கொண்டவர்களில் அது 4.8 சதவீதம்தான். வீடு திரும்பிய பிறகும் ஊசி தொடர்வது இதனால்தான். ரத்தக்கசிவு அபாயத்தையும் எடைபோட்டே மருத்துவர் அளவை முடிவுசெய்வார்.

உறைவு வந்தால் ஆயுள் குறையுமா? மொத்தமாகப் பார்த்தால், உறைவு வந்தவர்களின் சராசரி ஆயுள் குறைவுதான். ஆனால் எல்லா உறைவும் ஒன்றல்ல. அறுவை முடிந்த சில நாளில் வருவதில் அறுவைக்கும் படுக்கைக்கும் பெரும்பங்கு உண்டு. பல மாதம் கழித்துக் காரணமின்றி வந்தால், புற்று திரும்பியிருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். நோயின் நிலை, நிணநீர் முடிச்சுகளில் பரவல், வெட்டிய விளிம்பில் புற்று எஞ்சியிருக்கிறதா, கீமோதெரபி (கீமோ) முழுமையாக முடிந்ததா ஆகியவையே நீண்டகால வாய்ப்பைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. உறைவுக்கு மருந்து எடுத்துக்கொண்டே பெரும்பாலானோர் கீமோவைத் தொடர முடியும்.