பாமினியா, யுனிகோடா? தரநிலை யாருக்காக?

ஏறாவூரிலோ மட்டக்களப்பிலோ ஓர் அச்சகத்தில் கலியாண அழைப்பிதழ் அடிக்கக் கொடுத்தால், அது இன்றும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட வாய்ப்பு அதிகம். தாளில் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் அதே கோப்பிலிருந்து ‘ஏறாவூர்’ என்ற சொல்லைப் பிரதி எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். வி, டபிள்யூ, எச், டி என்று நான்கு ஆங்கில எழுத்துகள் வரும். பிறகு ஒரு கூட்டல் குறி, மீண்டும் ஒரு எச், கடைசியில் ஓர் அரைப்புள்ளி. ஊரின் பெயரைக் காணோம்.

அழைப்பிதழுக்கு இதனால் நட்டமில்லை. காணி அறிவித்தல், நட்டஈட்டு விண்ணப்பம், வேலைவாய்ப்பு விளம்பரம் ஆகியவை இதே முறையில் தயாராகி இணையத்தில் ஏறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கூகுளில் தமிழில் தேடுபவருக்கு அவை கிடைப்பதில்லை. பார்வையற்றவரின் கணினியில் உள்ள திரைவாசிப்பான் அவற்றை ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் உச்சரிக்கும். தமிழ் 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின் மூலம் அரச கரும மொழியானது. அந்த உரிமை இணையப் பக்கத்தில் நிறைவேறுகிறதா என்பதை இன்று பல இடங்களில் ஓர் எழுத்துருத் தெரிவே தீர்மானிக்கிறது.

பாமினி ஏன் வென்றது?

பாமினியைக் குறைசொல்வது எளிது. அது வந்த காலத்தில் வேறு வழி குறைவாக இருந்தது. கணினிக்கு ஆங்கில எழுத்து மட்டுமே தெரியும். ஆகவே ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தார்கள். கணினியைப் பொறுத்தவரை அங்கே இருப்பது ‘எஃப்’. கண்ணுக்குத் தெரிவது ‘க’. விசைகளின் ஒழுங்கு தமிழ்த் தட்டச்சுப் பொறியை ஒத்திருந்ததால், தட்டச்சாளர்கள் புதிதாக எதையும் பழகவேண்டியிருக்கவில்லை. பத்திரிகை, பாடசாலை வினாத்தாள், தேர்தல் துண்டுப்பிரசுரம் என எல்லாம் அதில் நடந்தன.

இணையம் வந்ததும் அதே வழக்கம் தொடர்ந்தது. அக்காலத் தமிழ்ச் செய்தித் தளங்கள் பல, முதலில் தங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ளுமாறு வாசகரிடம் கேட்டன. தளத்துக்குத் தளம் எழுத்துரு வேறு. நடைமுறைக்கு வசதியானது என்று ஒவ்வொருவரும் தேர்ந்தெடுத்தது, எல்லோருக்குமான சிக்கலாகியது.

தூய்மைவாதிகளின் நியாயம்

யுனிகோடில் தமிழுக்கு 1991 இலேயே இடம் கிடைத்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் அதற்கு ஆதரவு தந்தது. இலங்கை கட்டளைகள் நிறுவனம் 2008 இல் எஸ்.எல்.எஸ். 1326 என்ற தமிழ்த் தரநிலையை யுனிகோடை அடியொற்றி வெளியிட்டது.

ஆனால் யுனிகோடின் தமிழ் அமைப்பு குறையற்றது என்று சொல்லமுடியாது. தமிழ் இலக்கணப்படி ‘க்’ என்ற மெய்யோடு ‘அ’ சேர்ந்து ‘க’ ஆகிறது. யுனிகோடில் இது தலைகீழ்: ‘க’ அடிப்படை, அதன்மேல் புள்ளி வைத்தால் ‘க்’. இந்தி போன்ற மொழிகளுக்குப் பொருந்த இந்தியாவில் உருவான இஸ்கி குறியீட்டைப் பின்பற்றியதால் வந்த நிலை இது. எழுத்து வரிசையிலும் பிசகு உண்டு. நமது நெடுங்கணக்கில் கடைசியாக வரும் ‘ன’, யுனிகோடில் ‘ப’வுக்கு முன்னால் இருக்கிறது.

இதற்கு மாற்றாக, உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தரும் டேஸ்16 என்ற குறியீட்டை அறிஞர்கள் உருவாக்கினார்கள். கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூன் மாதத்தில், தமிழ்நாடு அரசு யுனிகோடுடன் டேஸ்16ஐயும் தரநிலையாக அறிவித்தது. இலக்கணப்படி பார்த்தால் அது அழகான அமைப்பு. ஆனால் அது யுனிகோடின் ‘தனிப்பயன்’ பகுதியில் வைக்கப்பட்டது. அந்தப் பகுதியை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்பதால், உரிய எழுத்துரு இல்லாத கைப்பேசியில் வெறும் கட்டங்கள்தான் தெரியும். பாமினி வாசகருக்குக் கொடுத்த அதே தொல்லையை, எதிர்த் திசையிலிருந்து இதுவும் கொடுத்தது.

யுனிகோடின் வரிசைப் பிசகை மென்பொருள் தனி விதி ஒன்றால் சரிசெய்கிறது. வாசகருக்கு அது தெரிவதே இல்லை.

எச்.டி.எம்.எல். கண்ட சண்டை

இணையப் பக்கங்களை எழுதப் பயன்படும் எச்.டி.எம்.எல். மொழியிலும் இதே சண்டை நடந்தது. 2000 ஆம் ஆண்டு டபிள்யூ3சி அமைப்பு எக்ஸ்.எச்.டி.எம்.எல். என்ற கண்டிப்பான வடிவத்தை வெளியிட்டது. அதை அதற்குரிய முறையில் அனுப்பினால், ஒரு குறிச்சொல்லை மூட மறந்தாலும் போதும்: உலாவி பக்கத்தைக் காட்டாமல் பிழைச் செய்தியைக் காட்டும். எழுதியவர் விட்ட தவறுக்கு வாசிக்க வந்தவர் தண்டனை அனுபவித்தார்.

2004 இல் ஆப்பிள், மொசில்லா, ஓபரா ஆகியவற்றின் பொறியியலாளர்கள் வேறு பாதையில் போனார்கள். தவறான பக்கத்தையும் எல்லா உலாவிகளும் ஒரே மாதிரி எப்படிக் காட்டவேண்டும் என்பதையே அவர்கள் விதியாக எழுதினார்கள். எக்ஸ்.எச்.டி.எம்.எல். இன் இரண்டாம் பதிப்பு 2009 இல் கைவிடப்பட்டது. 2014 இல் எச்.டி.எம்.எல்.5 அதிகாரபூர்வத் தரநிலையானது.

அதன் வடிவமைப்புக் கொள்கைகளில் ஒன்று நமக்கும் உதவும். முரண்பாடு வந்தால் முதலில் பயனரைக் கவனி, பிறகு பக்கம் எழுதுபவரை, பிறகு உலாவி செய்பவரை, பிறகு தரநிலை எழுதுபவரை. கோட்பாட்டுத் தூய்மை கடைசியில்தான் என்பது அதன் சாரம்.

இந்த அளவுகோலில் பாமினியும் தேறாது, டேஸ்16உம் தேறாது. முன்னது தட்டச்சாளரின் வசதியை வாசகருக்கு மேலே வைத்தது. பின்னது இலக்கணத் தூய்மையை வைத்தது.

புதிய பாமினி

பழைய எழுத்துருக்கள் மெல்ல மறைகின்றன. அந்த இடத்துக்கு இப்போது படம் வந்திருக்கிறது. நீர்வெட்டு, தடுப்பூசி முகாம், ஜனாஸா அறிவித்தல் என எல்லாம் அழகாக வடிவமைத்த படங்களாக பேஸ்புக்கில் வருகின்றன. பார்க்க நன்றாக இருக்கும், போடுபவருக்கும் வசதி. ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுவதும் பிரதி எடுப்பதும் கடினம். திரைவாசிப்பானும் தடுமாறும். தமிழ் தெரியாத அதிகாரி அதை எழுத்தாக மொழிபெயர்ப்புச் செயலியில் ஒட்டவும் முடியாது.

மாறுவது கடினம் என்று சொல்வோர் மியன்மாரைப் பார்க்கலாம். அங்கே சௌஜி என்ற எழுத்துரு, பாமினியைவிட ஆழமாக வேரூன்றியிருந்தது. 2019 ஒக்டோபர் 1 ஆம் திகதியை நாள் குறித்து, நாடே யுனிகோடுக்கு மாறத் தொடங்கியது.

நமக்குத் தேவைப்படுவது அதைவிடச் சிறிய வேலை. படத்தைப் போடுங்கள், அதன் கீழே அதே செய்தியை யுனிகோடில் எழுத்தாகவும் போடுங்கள். இணையத்தளம் செய்பவர் என்றால், பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் ஒரு வரி குறிப்பிடுங்கள். திரைவாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாற அது உதவும். பழைய பாமினி கோப்புகளை மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு. மாற்றியபின் ஒருமுறை வாசித்துச் சரிபார்த்தால் போதும்.

சரிபார்ப்புக் கருவி உங்கள் நிரலில் பத்து எச்சரிக்கைகள் காட்டினால், எல்லாவற்றையும் சமமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வாசகரைத் தடுப்பது எது என்று பாருங்கள், அதை முதலில் திருத்துங்கள். நட்டஈட்டு விண்ணப்பத்தின் கடைசித் திகதியை ஏறாவூரிலிருந்து தேடுபவருக்கு அந்தத் திகதி கிடைத்தால், தரநிலை தன் வேலையைச் செய்துவிட்டது.