பிள்ளை யாரிடம்? கோர்ட்டுக்குப் போகும் முன்

"சீசன் கடை வருமானம்தான், பிள்ளையை என்கிட்ட கொடுப்பாங்களா?" என்று குற்றாலம் பக்கத்து உறுப்பினர்கள் நம்மிடம் கேட்கிறார்கள்.

1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி நீதிபதி முக்கியமாகப் பார்ப்பது பிள்ளையின் நலனைத்தான். 1956-ஆம் ஆண்டு இந்துச் சட்டப்படி, ஐந்து வயது முடியாத பிள்ளை பொதுவாகத் தாயிடமே இருக்கும். தகப்பன் பிள்ளையைக் கவனிக்காவிட்டால், அவர் உயிரோடு இருக்கும்போதே தாய் காப்பாளர் ஆகலாம் என்று 1999-ல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியது.

என்னென்ன எடுத்துப் போகணும்? பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, தடுப்பூசி அட்டை, ரேஷன் கார்டு, குழு பாஸ்புக். வாய்தாவைத் தவற விடாதீங்க. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துப் பேச வைக்காதீங்க. விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிபதியே கேட்கலாம்.

வக்கீல் ஃபீஸுக்கு வட்டிக்கு வாங்காதீங்க! பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. தென்காசி கோர்ட்டில் சட்டப்பணிகள் குழுவைக் கேளுங்கள். அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள்.