கத்தி ஓய்ந்த பிறகு சவ்வின் வேலை

சைனஸ் அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாவது வாரத்தில் பலருக்கு மனம் தளர்ந்துவிடும். மூக்கு முன்னைவிட மோசமாக அடைத்திருக்கும். கருஞ்சிவப்புப் பொருக்குகள் வந்து விழும். காபி மணம்கூடத் தெரியாது. “ஆபரேஷன் சரியாத்தான் நடந்துச்சா டாக்டர்?” என்று கேட்கத் தோன்றும். அந்த நாட்களில் மூக்குக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் பாதிக் கவலை குறையும்.

கன்னத்திலும் நெற்றியிலும் கண்களுக்கு இடையிலும் உள்ள எலும்பறைகளே சைனஸ்கள். அவற்றின் உட்புறம் முழுவதும் மெல்லிய சளிச்சவ்வு போர்த்தியிருக்கிறது. சவ்வின் மேற்பரப்புச் செல்களில் சிலியா எனப்படும் நுண்மயிர்கள் அடர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு நீளம்தான். நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அவை ஒரே திசையில் அடித்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளிப்படலத்தை அறையின் வாசலை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. கன்ன அறையின் வாசல் அடியில் இல்லை, சுவரின் மேல்பகுதியில் இருக்கிறது. அதாவது அங்கே சளி மேல்நோக்கி ஏறித்தான் வெளியேற வேண்டும். ஏற்றிவிடுவது இந்த மயிர்கள்தான்.

இது புரியாத காலத்தில் மருத்துவம் வேறு வழியில் போனது. 1893-இல் நியூயார்க்கின் ஜார்ஜ் கால்டுவெல்லும், 1897-இல் பாரிஸின் ஆன்றி லூக்கும் தனித்தனியே விவரித்த அறுவையில், மேலுதட்டுக்கு உட்புறம் கீறி, கன்ன எலும்பைத் திறந்து, நோயுற்ற சவ்வு முழுவதையும் சுரண்டி எடுத்தார்கள். மூக்கின் அடிப்பக்கம் ஒரு புதுச் சன்னலும் வைத்தார்கள். தண்ணீர் கீழே வடியும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் மீந்திருந்த சவ்வின் சிலியாக்கள் அந்தச் சன்னலைச் சட்டை செய்யாமல், பழைய வாசலை நோக்கியே சளியைத் தள்ளின.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர மருத்துவர் வால்டர் மெஸ்ஸர்கிளிங்கர் இந்தப் பாதைகளைப் பொறுமையாகத் தேடிப் பதிவு செய்தார். உயிர் பிரிந்த பிறகும் சில மணி நேரம் சிலியாக்கள் அசைந்துகொண்டிருக்கும். அதைப் பயன்படுத்தி, புதிதாய் இறந்தவர்களின் சைனஸ்களில் சளி எந்தத் தடத்தில் நகர்கிறது என்று அவர் கவனித்தார். குறுகலான வாசலில் இரு சவ்வுப்பரப்புகள் ஒன்றோடொன்று அழுந்தினால் ஓட்டம் நின்றுபோகிறது, அதுவே உள்ளே சீழ் தேங்கக் காரணமாகிறது என்பது அவருக்குப் புலப்பட்டது. வாசலைத் திறந்தால் போதும், பெரிய அறைக்குள் கைவைக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. அவருடைய மாணவர் ஹைன்ஸ் ஸ்டாம்பெர்கரும் அமெரிக்காவின் டேவிட் கென்னடியும் 1980-களில் இதை உலகெங்கும் கொண்டு சென்றார்கள். இன்று எண்டோஸ்கோப் வழியே செய்யப்படும் சைனஸ் அறுவையின் அடிப்படை இதுவே. எவ்வளவு வெட்டினார் என்பதைவிட எவ்வளவு சவ்வை விட்டுவைத்தார் என்பதில்தான் மருத்துவரின் திறமை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

காரணம், ஆறும் விதம். முதலில் ரத்தம் உறைந்து காயத்தை மூடுகிறது. ஏறத்தாழ பத்து நாள்வரை பொருக்குகளின் காலம். அதன்பின் சவ்வு நீர் கோத்து வீங்குகிறது. இரண்டாம் வாரத்து அடைப்பில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. வீக்கம் வற்ற ஒரு மாதம்வரை ஆகலாம். இதற்கிடையே காயத்தின் விளிம்பிலுள்ள அடிச்செல்கள் நகர்ந்து வந்து வெற்றிடத்தை மூடுகின்றன. முதலில் தட்டையான ஒற்றை அடுக்கு, பிறகு பல அடுக்கு, அதன் பிறகே சளி சுரக்கும் செல்கள், கடைசியில் சிலியாக்கள். புதிதாய் முளைக்கும் சிலியாக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாய், திசை பிசகி அடிக்கின்றன. அவை ஒருமித்து வேலை செய்ய வாரங்கள், சிலருக்கு மாதங்கள் பிடிக்கும்.

மேய்ந்த அறுகம்புல் மீண்டும் துளிர்க்கும். வேரோடு செதுக்கிய இடம் கட்டாந்தரையாகவே கிடக்கும். சவ்வும் அப்படித்தான். அடித்தோல் மிஞ்சிய இடம் வாரக்கணக்கில் தேறிவிடுகிறது. எலும்பு தெரியும்படி உரிந்த இடத்தில் தழும்புத்திசு வளர்ந்து, ஆறு மாதம் கழிந்தும் சிலியாக்கள் அரிதாகவே இருக்கக்கூடும். கன்ன அறையின் வாசலுக்கருகே இரு புண்பரப்புகள் எதிரெதிரே இருந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு. மருத்துவர் திரும்பத் திரும்ப வரச்சொல்லி, வலித்தாலும் பொருக்கையும் உறைந்த ரத்தத்தையும் எடுத்துவிடுவது இதனால்தான். அந்த வருகைகளைத் தவறவிடக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியது உப்புநீரால் கழுவுவது. யோகா வகுப்பில் ஜலநேதி பழகியவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றவே கூடாது. 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருவர் குழாய் நீரால் மூக்கைக் கழுவி, மூளையைத் தாக்கும் நெக்லேரியா என்ற அமீபாவால் இறந்தார்கள். கொதிக்கவைத்து ஆறவைத்த நீர், அல்லது கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே சரி. முதல் ஓரிரு வாரம் மூக்கைப் பலமாகச் சிந்தாமல் இருக்க வேண்டும். புகைப்பவர்கள் நிறுத்தியே ஆக வேண்டும், சிலியாக்களைப் புகை முடக்குகிறது.

பாலிப் எனும் சதைவளர்ச்சி உள்ளவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சதையைக் கத்தி அகற்றுகிறது, ஆனால் சவ்வை அழற்சிக்குத் தூண்டும் உடலின் இயல்பு அப்படியே இருக்கிறது. அதனால் ஆறிய பிறகும் ஸ்டீராய்டு மருந்து தொடர்கிறது. அறுவைக்கு முன் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே சைனஸுக்குள் ஏறக்குறைய நுழைவதே இல்லை. வாசல் திறந்த பின், பாட்டிலால் பீய்ச்சும் உப்புநீரும் அதில் கலந்த மருந்தும் அறையின் சுவர்வரை போய்ச் சேர்கின்றன.