வெளிநாட்டு உதவியில் காலனிய நீக்கம்: ஹைதி காட்டும் பாடங்கள்

பணக்கார நாடுகளும் பன்னாட்டு நிறுவனங்களும் ஏழை நாடுகளுக்கு வழங்கும் உதவியில் காலனிய ஆட்சிக் காலத்து அதிகார உறவு இன்னும் இருக்கிறதா என்று ஆராய்ந்து, இருந்தால் அதைக் களைய முற்படும் சிந்தனையும் நடைமுறையும் 'உதவியில் காலனிய நீக்கம்' எனப்படும். கொடி இறங்கியதும் ஆட்சி முடிந்துவிடும். ஆனால் யாருடைய அறிவு அறிவாக மதிக்கப்படுகிறது, யார் சொல் செல்லுபடியாகிறது, யார் யாரிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்பவை அத்துடன் மாறிவிடுவதில்லை. பெரு நாட்டுச் சமூகவியலாளர் அனிபால் கிஹானோ இந்த எச்சத்தை 'அதிகாரத்தின் காலனியத்தன்மை' என்று குறித்தார்.

'வளர்ச்சிப் பணி' என்ற கருத்தே அவ்வளவு பழையதன்று. பிரித்தானியா தன் காலனிகளுக்கான வளர்ச்சிச் சட்டங்களை 1929இலும் 1940இலும் இயற்றியது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் 1949 ஜனவரி 20 அன்று ஆற்றிய பதவியேற்பு உரையில் உலகின் பெரும்பகுதியை 'வளர்ச்சி குன்றிய பகுதிகள்' என்று சுட்டினார். ஒரே உரையில் பாதி உலகம் 'குன்றியது' ஆகிவிட்டது என்று கொலம்பிய மானுடவியலாளர் ஆர்த்துரோ எஸ்கோபார் போன்றோர் பின்னாளில் விமர்சித்தனர்.

இப்போது பல நிறுவனங்கள் 'பயனாளி' என்பதை 'பங்காளர்' என்று மாற்றி எழுதுகின்றன. நல்லதுதான். ஆனால் அது இவ்விஷயத்தின் மிகச் சிறிய பகுதி. முடிவு யார் கையில், பணம் யார் வழியாகப் போகிறது, தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு ஆகிய மூன்றையும் பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும். கரீபியன் தீவு நாடான ஹைதியில் இம்மூன்றும் பளிச்சென்று தெரிகின்றன.

விடுதலைக்கு விலை

இன்றைய ஹைதி, பிரான்சின் கரும்புத் தோட்டக் காலனியாக இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் அங்கே கிளர்ந்தெழுந்து போரிட்டு, 1804 ஜனவரி 1 அன்று விடுதலையை அறிவித்தனர். 1825இல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களுடன் ஓர் ஆணையை அனுப்பினார். விடுதலையை அங்கீகரிக்க வேண்டுமானால், உடைமைகளை இழந்த தோட்ட முதலாளிகளுக்கு 15 கோடி பிராங்க் ஈடு செலுத்த வேண்டும் என்பது நிபந்தனை. அந்த உடைமைகளில் மனிதர்களும் அடக்கம். அதாவது, அடிமைகளாக இருந்தவர்கள் தங்களை இழந்ததற்காகத் தங்கள் முதலாளிகளுக்குப் பணம் கட்ட வேண்டும்!

முதல் தவணைக்கே கையில் பணம் இல்லாததால் பிரெஞ்சு வங்கியாளர்களிடம் 3 கோடி பிராங்க் கடன் வாங்கப்பட்டது. அதில் 60 இலட்சத்தை வங்கியாளர்கள் முதலிலேயே பிடித்துக்கொண்டனர். 1838இல் ஈட்டுத்தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டாலும், இதையொட்டிய கடன்கள் இருபதாம் நூற்றாண்டு வரை நீண்டன. 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை நாட்டைப் பிடித்து வைத்திருந்தது.

இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் ஹைதியை 'உதவி தேவைப்படும் ஏழை நாடு' என்று மட்டும் சொன்னால், நோயைச் சொல்லி அதன் காரணத்தை மறைத்தது போலாகும்.

பன்றியும் அரிசியும்

ஹைதி உழவர்கள் வளர்த்த நாட்டுப் பன்றி கறுப்பாகவும் சிறிதாகவும் இருக்கும். கிடைத்ததைத் தின்று வளரும்; செலவே இல்லை. நோய், திருமணம், இறப்பு, பள்ளிக் கட்டணம் என்று எது வந்தாலும் விற்பதற்கு இருந்தது இந்தப் பன்றிதான். குடும்பத்தின் சேமிப்புக் கணக்கு என்றே சொல்லலாம். 1978 வாக்கில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தீவில் பரவியது. தங்கள் நாட்டுப் பன்றித் தொழிலுக்கு ஆபத்து என்று அஞ்சிய வட அமெரிக்க நாடுகளின் முன்முயற்சியில், 1980களின் தொடக்கத்தில் நாட்டுப் பன்றிகள் அனைத்தும் கொன்றழிக்கப்பட்டன.

பதிலாக அமெரிக்காவிலிருந்து கொழுத்த வெள்ளைப் பன்றிகள் வந்தன. அவற்றுக்குச் சிமெண்டுத் தளம், கூரை, நல்ல தண்ணீர், விலைக்கு வாங்கிய தீவனம் எல்லாம் வேண்டும். அந்த வசதி உழவர்களின் வீடுகளிலேயே இல்லை. 'நான்கு கால் இளவரசர்கள்' என்று அவற்றுக்குப் பெயர் வைத்து ஏளனம் செய்தார்கள். திட்டம் தீட்டியவர்கள் கால்நடை அறிவியலில் குறைந்தவர்கள் அல்லர். ஒரு பன்றி அந்த வீட்டில் என்ன வேலை செய்கிறது என்பதை மட்டும் அவர்கள் கேட்கவில்லை. பள்ளிக்கு வராமல் நின்றுபோன பிள்ளைகளின் கணக்கை எந்தக் கால்நடைத் திட்ட அறிக்கையும் எழுதாது என்பது, வருகைப் பதிவேட்டுடன் வாழ்ந்த எனக்கு உடனே தோன்றுகிறது.

அரிசியின் கதையும் இதுபோன்றதே. 1980களின் தொடக்கம் வரை ஹைதி தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைத் தானே விளைவித்தது. கடன் கொடுத்தவர்களின் நெருக்குதலால் இறக்குமதி வரி படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1995இல் 3 விழுக்காடானது. அமெரிக்க அரசின் மானியம் பெற்ற அரிசி குவிந்தது. ஆர்த்திபோனித் பள்ளத்தாக்கின் நெல் விவசாயிகளால் அந்த விலைக்கு விற்க முடியவில்லை. 2010 மார்ச்சில் முன்னாள் குடியரசுத் தலைவர் பில் கிளிண்டன் அமெரிக்க மேலவைக் குழுவின் முன், இந்தக் கொள்கை தம் மாநிலமான ஆர்கன்சாவின் விவசாயிகளுக்கு உதவியிருக்கலாம், ஆனால் ஹைதியில் அது தவறாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டார்.

நிலநடுக்கத்துக்குப் பின்

2010 ஜனவரி 12 அன்று 7.0 அளவிலான நிலநடுக்கம் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்சைத் தகர்த்தது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக அரசு அறிவித்தது. உலகம் முழுவதிலிருந்தும் பணம் வந்தது. அது எங்கே போனது என்று ஐ.நா. சிறப்புத் தூதர் அலுவலகம் கணக்கிட்டது. அவசர நிவாரணத்துக்கு அரசுகள் கொடுத்த சுமார் 243 கோடி டாலரில் 34 விழுக்காடு, கொடுத்த நாடுகளின் சொந்த இராணுவ, குடிமைத் துறைகளுக்கே திரும்பிப் போயிருந்தது. மீதியில் பெரும்பகுதி ஐ.நா. முகமைகளுக்கும் பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் சென்றது. ஹைதி அரசுக்குக் கிடைத்தது 1 விழுக்காடு.

நிவாரண ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் விமான நிலையத்தை அடுத்த ஐ.நா. முகாமில், காவலுக்குள், பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. நாட்டு மக்கள் அனைவரும் பேசுவது கிரியோல்; படித்தவர்கள் பிரெஞ்சும் அறிவார்கள். தங்கள் தெருவில் எந்தக் கிணறு இடிந்தது என்று அறிந்தவர்கள் முகாமின் வாசலுக்கு வெளியே நின்றார்கள். மீட்புக்கென அமைக்கப்பட்ட இடைக்கால ஆணையத்தில் இருந்த ஹைதி உறுப்பினர்களே, எந்த முடிவிலும் தங்களைக் கலப்பதில்லை என்று அந்த ஆண்டு டிசம்பரில் எழுத்து மூலம் புகார் செய்தனர்.

அடுத்து வந்தது காலரா. ஒரு நூற்றாண்டாக ஹைதியில் காணப்படாத அந்நோய் 2010 அக்டோபரில் மிர்பலே நகருக்கு அருகே, ஐ.நா. அமைதிப்படையின் நேபாளப் பிரிவு தங்கியிருந்த முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததால் பரவியது. எட்டு இலட்சம் பேருக்குத் தொற்றியது. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டோர் 2011இல் இழப்பீடு கேட்டனர். 2013இல் ஐ.நா. தன் சட்டப் பாதுகாப்பைக் காட்டி மறுத்தது. பொதுச் செயலாளர் பான் கி-மூன் ஹைதி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில்தான். அப்போது அறிவித்த 40 கோடி டாலர் திட்டத்துக்குச் சேர்ந்த பணமோ மிகச் சொற்பம். பெற்றுக்கொண்டவர் ஒவ்வொரு டாலருக்கும் ரசீது காட்ட வேண்டும். கொடுத்தவரிடம் உயிருக்குக் கூடக் கணக்குக் கேட்க முடியாது. காலனியத்தன்மை என்ற கடினமான சொல்லுக்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

மறுக்கும் உரிமை

நிலநடுக்கத்தை அடுத்து மொன்சாண்டோ நிறுவனம் 475 டன் கலப்பின மக்காச்சோள, காய்கறி விதைகளை நன்கொடையாக அறிவித்தது. 1973 முதல் இயங்கும் பப்பாய் உழவர் இயக்கம் இதை எதிர்த்து 2010 ஜூனில் ஆன்ஷ் நகரில் பேரணி நடத்தியது. விதையைத் தீயிட்டும் காட்டியது. கலப்பின விதையின் விளைச்சலை எடுத்து வைத்து அடுத்த ஆண்டு விதைத்தால் முன்போல் விளையாது. ஆண்டுதோறும் விலைக்கு வாங்க வேண்டிவரும் என்பது அவர்கள் அச்சம். பசித்த நாட்டில் விதையை எரிப்பதா என்று வெளியே பலர் கடிந்தனர். அந்த முடிவு வேளாண்மைக் கோணத்தில் சரியா என்று விவாதிக்கலாம். ஆனால் முடிவெடுக்க வேண்டியவர்கள் உழவர்களே என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

வேறு வழியில் செயல்பட முடியும் என்பதற்கு மிர்பலே நகரிலேயே சான்று உண்டு. சன்மி லசாந்தே என்ற கிரியோல் பெயருடன் 1980களிலிருந்து மத்திய ஹைதியில் செயல்படும் மருத்துவ அமைப்பு 2013இல் அங்கே 300 படுக்கைகள் கொண்ட பயிற்சி மருத்துவமனையைத் திறந்தது. அமெரிக்க மருத்துவர் பால் பார்மருக்கு இதில் பெரும் பங்குண்டு. வெளிநாட்டுப் பணமும் உண்டு. ஆனால் பணியாளர்களில் மிகப் பெரும்பாலோர் ஹைதியர்கள். நோயாளியின் வீட்டுக்கே சென்று மருந்து கொடுப்பவர் அதே ஊர்க்காரர். அவருக்குச் சம்பளமும் உண்டு. பணியாளர்களை நியமித்து, பயிற்சி கொடுத்து, சம்பளம் தருவதுதான் இதில் முக்கியம். 'உள்ளூர்ப் பங்கேற்பு' என்ற பெயரில் ஏழைகளிடம் கூலியில்லாமல் வேலை வாங்கும் திட்டங்கள் ஏராளம்.

உலக அளவில் 2016இல் இஸ்தான்புல் மாநாட்டில் கொடையாளர்களும் முகமைகளும் ஓர் உடன்பாடு செய்தனர். மனிதாபிமான நிதியில் 25 விழுக்காட்டை 2020க்குள் உள்ளூர் அமைப்புகளுக்கு இயன்றவரை நேரடியாக வழங்குவது இலக்கு. அது எட்டப்படவில்லை. ஆங்கிலத்தில் நீண்ட விண்ணப்பமும் அயல்நாட்டுத் தணிக்கை முறையும் கேட்டால் சிறிய அமைப்புகள் எப்படி உள்ளே வர முடியும்? பெரிய நிறுவனத்தின் துணை ஒப்பந்தக்காரராகத்தான் வர முடிகிறது. அலுவலக வாடகை போன்ற நிர்வாகச் செலவுக்குப் பெரிய நிறுவனம் எடுத்துக்கொள்ளும் பங்கு கூட அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

உள்ளூரில் கொடுத்தால் ஊழல் செய்வார்கள் என்பது வழக்கமான மறுப்பு. ஹைதியில் ஊழல் இருந்தது உண்மை. 1957 முதல் 1986 வரை ஆண்ட டுவாலியர் குடும்பம் நாட்டைக் கொள்ளையடித்தது. அவர்களுக்குப் பனிப்போர்க் காலத்தில் நெடுங்காலம் பணம் கொடுத்து வந்தவர்களும் இதே கொடையாளர்கள்தான். இன்னொரு பக்கம், காலனிய நீக்கம் என்ற பேச்சைச் சாக்காக வைத்து உதவியையே நிறுத்திவிடும் அபாயமும் உண்டு. அமெரிக்காவின் யு.எஸ்.எய்ட் முகமை 2025 ஜூலையில் மூடப்பட்டபோது, முடிவெடுக்கும் உரிமை எந்த ஏழை நாட்டுக்கும் கைமாறவில்லை. மருந்துதான் நின்றது.

ஆணையின் இருநூறாவது ஆண்டு நாளான 2025 ஏப்ரல் 17 அன்று, 1825 ஈட்டுத்தொகையின் விளைவுகளை ஆராய இரு நாட்டு வரலாற்றாளர்களும் அடங்கிய ஆணையம் அமைக்கப்படும் என்று பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மக்ரோன் அறிவித்தார். பணத்தைத் திருப்பித் தருவது பற்றி அந்த அறிவிப்பில் உறுதி எதுவும் இல்லை.