புகை கறுத்தால் பெட்ரோல் வீண்!

ஹைதர் அலி பிறந்த பூதிகோட்டையிலிருந்து தங்கவயலுக்குப் பழைய மாருதி 800 இன்ஜெக்‌ஷன் காரில் வந்து போகிறவரா நீங்கள்? வண்டி கரும்புகை கக்குகிறதா? பெட்ரோல் நெடி அடிக்கிறதா? மைலேஜ் குறைந்துவிட்டதா? கலவையில் பெட்ரோல் மிகுந்துவிட்டது என்று பொருள்.

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கணக்கை வண்டியிலுள்ள கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. சென்சார்கள் பொய் சொன்னால் அது என்ன செய்யும், பாவம்!

முதலில் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் கரி படிந்திருந்தால், அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் ஒழுகலாம். பிளக்கே பழுதாகியும் இருக்கலாம். எல்லாமே கறுத்திருந்தால் ஏர் பில்டரைப் பார்க்க வேண்டும். அடுத்து, எஞ்சின் தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சார். எஞ்சின் சூடேறிய பிறகும் அது ‘குளிர்’ என்றே சொன்னால் பெட்ரோல் கூடுதலாகப் பாயும். அதன் பிறகே பெட்ரோல் அழுத்தம், ஆக்சிஜன் சென்சார்.

மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓட்டிச் சோதிக்காதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். நாள் கடத்தினால் விலை உயர்ந்த கேட்டலிடிக் கன்வர்ட்டரும் கெடும்.

‘கம்ப்யூட்டர் போச்சு’ என்று மெக்கானிக் சொன்னால், பணத்தை எடுக்குமுன் கேளுங்கள்: “சூட்டு சென்சாரைச் சோதித்தாயிற்றா?”