சால்வைக்கு முன்னால் செய்ய வேண்டியது

டீயைக் குடித்துக்கொண்டே கேள் தம்பி. நவம்பர் 1 உள்ளாட்சி தின கிராம சபையில் ஊருக்கு உழைத்தவர்களைக் கௌரவிக்கப் போகிறோம் என்கிறாய். பொருத்தமான நாள்தான். 2022-இல் கிராம சபைக் கூட்டங்களை ஆண்டுக்கு நான்கிலிருந்து ஆறாக்கியபோது சேர்ந்த இரண்டு நாட்களில் அது ஒன்று; இன்னொன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். பந்தல், சால்வை, ஷீல்டு எல்லாவற்றுக்கும் செலவு எழுதிவிட்டாய். ஆனால் உன் பட்டியலில் எல்லார் பெயருக்கு முன்னாலும் ‘தன்னலமற்ற சேவையாளர்’ என்று ஒரே வார்த்தைதான் இருக்கிறது. யார் என்ன செய்தார் என்று ஒரு வரிகூட இல்லையே.

செங்கம் பக்கத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று அங்கே கிடைத்தது. ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட ஒருவனுக்கு எடுத்த கல். வில்லோடு நிற்கும் அவன் பக்கத்தில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்லில் தனியாக வெட்டியிருக்கிறார்கள். அந்த நாயைப் புகழ ஓர் அடைமொழிகூட அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பெயரையும் அது செய்ததையும் சொன்னார்கள். ஆயிரத்து நானூறு வருஷம் கழித்து நமக்கு அது தெரிகிறது. நீயும் அப்படி எழுது. ‘ஏரிக்கரை கசிந்த ராத்திரி, ஆட்களைத் தட்டி எழுப்பி மணல்மூட்டை அடுக்கியவர்’ என்று மைக்கில் வாசித்துப் பார், கூட்டம் தானாக நிமிர்ந்து உட்காரும். அந்த வரியை நீயாக எழுதாதே. அன்றைக்கு யாருடைய வயல் தப்பியதோ அவரிடம் கேட்டு எழுது.

நடுகல்லோடு அந்தக் காலத்து ஊர் ஓய்ந்துவிடவில்லை. ஊரைக் காக்கச் செத்தவன் குடும்பத்துக்கு நிலம் கொடுத்தார்கள். நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி என்று கல்வெட்டுகளில் வருவது அந்த நிலம்தான். ஆள் போன பிறகு அந்த வீட்டு அடுப்பு எரிய வேண்டுமே என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கல்லைவிட இந்த நிலம்தான் பெரிய மரியாதையாகப் படுகிறது.

இன்றைக்கு அதை எப்படிச் செய்வது என்று கேட்பாய். இல்லம் தேடிக் கல்வியை எடுத்துக்கொள். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக்கிடந்து பிள்ளைகள் எழுத்தே மறந்துபோனதால், 2021 அக்டோபர் 27-ஆம் தேதி மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் தொடங்கினார்கள். ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் பிள்ளைகள், மாலை நேரத்தில் வகுப்பு, தன்னார்வலருக்கு மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. சொல்லித்தர வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாலை ஐந்திலிருந்து ஏழு மணி கிராமத்துப் பெண்ணுக்கு என்ன நேரம் என்று யோசி. குழாயில் தண்ணீர் வரும், மாடு கறக்க வேண்டும், வேலைக்குப் போனவர்கள் பசியோடு திரும்புவார்கள். அத்தனையையும் யாரிடமோ ஒப்படைத்துவிட்டுத்தான் அந்த அக்கா திண்ணையில் பாயை விரித்து, ‘அ’ எழுதத் திணறுகிற பையனின் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குப் பதிலாக அடுப்படியில் நின்றது மாமியாரோ பெரிய மகளோ. அவர்களையும் மேடைக்குக் கூப்பிடு. இனியும் இப்படி ஒருவர் ஊருக்காக உட்கார்ந்தால், அந்த இரண்டு மணி நேர வீட்டு வேலையை யார் பார்ப்பது என்று சுயஉதவிக் குழுவில் முதலிலேயே பேசி வை. சாக்பீஸுக்கும் பெட்ரோலுக்கும் அவர்கள் கைக்காசு போகாமல் பார்த்துக்கொள்.

இன்னொன்று. நன்றாகச் செய்கிறார் என்பதற்காக ஒருவர் தலையிலேயே எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறோம். ரத்தம் வேண்டுமா, அவருக்குப் போன். ஆம்புலன்ஸ் வரவில்லையா, அவருக்குப் போன். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஊர்ச் சபையின் வாரியத்தில், அதாவது குழுவில், இருந்தவர் அடுத்த மூன்று வருஷம் திரும்ப வரக் கூடாது என்கிறது. நிலமும் கல்வியும் உள்ள சிலருக்கே இடம் தந்த சபை அது, அதை மறைக்க வேண்டாம். அதிகாரம் ஒரே கையில் தங்கக் கூடாது என்று வைத்த விதி. உழைக்கிறவருக்கு ஓய்வு தரவும் அதே விதி உதவும் என்று எனக்குத் தோன்றுகிறது. மேடையில் ஒருவரைப் பாராட்டும்போதே, அவரிடம் வேலை பழக இரண்டு இளசுகளின் பெயரை அறிவித்துவிடு.

தூய்மைக் காவலர்களையும் இந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறாய். அவர்களுக்கு மரியாதை அவசியம் செய், ஆனால் ‘தன்னார்வலர்’ என்று எழுதாதே. அவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள். சேவை என்று சொல்லிச் சால்வை போர்த்திவிட்டால், நாளைக்குக் கூலி உயர்வு கேட்க வாய் எழாது. அவர்களுக்குச் சம்பளம் தேதிக்கு வருகிறதா, கையுறையும் பூட்ஸும் கிடைத்ததா என்று விசாரித்துவிட்டு அப்புறம் மேடைக்குக் கூப்பிடு.

யாரை முதலில் கூப்பிடுவது என்பதில்தான் சண்டை வரும். கோயிலில் பரிவட்டம் யாருக்கு முதலில் என்று ஊரே இரண்டாகப் பிரிந்ததைப் பார்த்தவன் நான். சாதியும் வேண்டாம், பதவியும் வேண்டாம், அகர வரிசையில் கூப்பிடு. நாற்காலி எல்லாருக்கும் ஒரே மாதிரி போடு. காலனித் தெருவில் யாராவது விட்டுப்போயிருக்கிறார்களா என்று நேரில் போய்க் கேள், இங்கே உட்கார்ந்துகொண்டு உனக்குத் தெரியாது.

நீ எழுதிக்கொண்டு வருகிற அந்த வரிகளைக் கூட்டத்தில் வாசித்ததோடு விடாமல் கிராம சபைத் தீர்மானப் பதிவேட்டிலும் ஏற்றிவிடு. ஃபிளெக்ஸுக்கு ஒதுக்கிய பணத்தை அப்படியே வைத்துக்கொள், திண்ணையில் பாடம் சொல்லும் அந்த அக்கா கரும்பலகை கேட்டிருந்தாராமே.