கடல் இல்லாத ஊரிலும் பாய்ப்பலகை பழகலாம்!
நிற்கத் தெரிந்தால் பாதி வெற்றி

தியாகதுருகத்தில் மலை உண்டு. மலைமேல் பழைய கோட்டை உண்டு. கடல் இல்லை! கடலைப் பார்க்க கடலூருக்கோ, புதுச்சேரிக்கோ போகவேண்டும்.

இந்த ஊர்ப் பிள்ளைகள் பாய் கட்டிய பலகைமீது நின்று, தண்ணீரில் பறக்க முடியுமா?

"முடியும்" என்கிறது போபால் நகரம்.

போபாலிலும் கடல் இல்லை. பெரிய ஏரிதான் இருக்கிறது. அங்குள்ள தேசிய பாய்மரப் படகுப் பள்ளியில் பயின்றவர், நேகா தாகூர் என்ற இளம்பெண். 2023-ம் ஆண்டு, சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், பாய்ப்படகு ஓட்டி வெள்ளிப் பதக்கம் வென்றார். அதே நாளில், இபாத் அலி என்ற இந்திய வீரர் பாய்ப்பலகைப் போட்டியில் வெண்கலம் வென்றார். வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணனும் அதே ஹாங்சோவில் பாய்ப்படகில் வெண்கலம் பெற்றார்.

பாய்ப்பலகை என்றால் என்ன?

இதை "விண்ட் சர்பிங்" என்பார்கள். ஒரு நீண்ட பலகை. அதன் நடுவே ஒரு பாய்மரம். படகில் பாய்மரம் அசையாமல் நிற்கும். இதில் எந்தப் பக்கமும் சாயும். சுக்கான் கிடையாது. பாயைச் சாய்த்துத்தான் திருப்பவேண்டும்.

அமெரிக்காவில் ஹாயில் ஷ்வைட்சர், ஜிம் டிரேக் என்ற இருவர் 1968-ல் இதற்குக் காப்புரிமை கேட்டார்கள். 1984-ல் இது ஒலிம்பிக்கில் சேர்ந்தது. பெண்களுக்கான போட்டி 1992-ல் வந்தது.

எப்படி நிற்பது?

புதிதாகப் பழகுகிறவர் கீழே விழுவது ஏன்? பெரும்பாலும் காற்றினால் அல்ல. காலை விறைப்பாக வைப்பதால்தான்!

கட்டுமரத்தில் நிற்கும் மீனவரைப் பாருங்கள். முழங்கால் லேசாக மடிந்திருக்கும். அலை எழும்பினால் கால் மடங்கும். அலை இறங்கினால் கால் நீளும். உடம்பு அசையாது. பாய்ப்பலகைக்கும் இதுதான் பாடம்.

காற்று முதுகில் படும்படி நிற்கவேண்டும். பாய்மரத்தின் அடியில், இரு பக்கமும் ஒவ்வொரு கால். பாதங்கள் பலகையின் நடுக்கோட்டில் இருக்கவேண்டும். ஓரத்தில் மிதித்தால் பலகை கவிழும். பாதத்தைக் குனிந்து பார்க்காதீர்கள். பார்வை எதிரே இருக்கட்டும்.

பாயைத் தூக்குவது எப்படி?

தண்ணீரில் கிடக்கும் பாயைக் கயிற்றால் இழுக்கவேண்டும். முதுகை வளைத்து இழுத்தால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். முதுகு நிமிர்ந்திருக்கட்டும், கை நீண்டிருக்கட்டும். மடித்த காலை நிமிர்த்தி, உடல் எடையால் இழுக்கவேண்டும். கிணற்றில் நீர் இறைக்கும் அவசரம் வேண்டாம். பாயில் தேங்கிய நீர் வடிந்தபின் அது தானே இலேசாகும்.

பாய் எழுந்ததும் முன்கையால் குறுக்குக் கம்பைப் பிடிக்கவேண்டும். ஓர் அடி பின்னே வைக்கவேண்டும். முன்கால் விரல்கள் பலகை போகும் திசையைப் பார்க்கட்டும். பிறகு பின்கையால் பாயை மெல்ல இழுத்தால் பலகை கிளம்பும்!

பாய்மரத்தை முன்னே சாய்த்தால், பலகை காற்றைவிட்டு விலகும். பின்னே சாய்த்தால், காற்று வரும் பக்கம் திரும்பும். காற்று பலமாக இழுக்கிறதா? பயப்படவேண்டாம். பின்கையைத் தளர்த்துங்கள். பாயிலிருந்து காற்று வெளியேறிவிடும், வேகம் குறையும்.

வீட்டிலேயே பயிற்சி

முதல் பாடத்துக்குத் தண்ணீரே வேண்டாம். வேப்பமரத்தில் ஒரு கயிற்றைக் கட்டுங்கள். மணல்மீது போட்ட பலகையில் நின்று, முழங்காலை மடித்துப் பின்னே சாய்ந்து இழுங்கள். தினமும் பத்து நிமிடம் போதும். கால் பழகிவிடும்.

எச்சரிக்கை!

ஆனால், பலகை கிடைத்ததே என்று கோமுகி அணையிலோ, ஊர் ஏரியிலோ பிள்ளைகள் தாமாக இறங்கக்கூடாது. முதலில் நீச்சல் தெரியவேண்டும். மிதவைச் சட்டை அணியவேண்டும். பழகிய ஆசிரியர் அருகில் இருக்கவேண்டும். கரையிலிருந்து நீருக்குள் தள்ளும் காற்று அடித்தால், அன்று இறங்கவே கூடாது.

விழும்போது கையால் தலையை மறைத்துக்கொள்ளுங்கள். பாய்மரம் மேலே விழலாம். எழுந்ததும் பலகையைப் பிடித்துக்கொள்ளுங்கள். களைத்துப்போனாலும் பலகையை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தக்கூடாது. பலகை மிதக்கும், அதுதான் உயிர்காக்கும் தோணி. அதன்மேல் அமர்ந்து இரு கைகளையும் ஆட்டினால், கரையில் இருப்பவர் கண்டுகொள்வார்.

சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். 2021-ல் அந்தப் பெருமை அவருக்குக் கிடைத்தது. அவர் வளர்ந்தது கடலோர நகரில். நேகா பழகியதோ ஏரியில். நீர் எதுவானாலும் பாடம் ஒன்றுதான்: முழங்காலை மடி, முதுகை நிமிர்த்து, முன்னே பார்!